பணி முடிந்தபின் விலகுதல்



கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்போர் ஒரு வேலையைத் தொடங்கி வைப்பதில் காட்டும் அக்கறையை அதனை முடித்து வைப்பதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. இக்குறையால் விளையும் தீங்கை, நிகழ்வுக் கையாளி என்னும் சிறு உறுப்பைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

பொருள்நோக்கு நிரலாக்கம் நார்வே நாட்டில் தோன்றியது. ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் 1960களில் ஓஸ்லோ நகரில் வகுத்த சிமுலா மொழியே அதற்கு வித்து. இம்முறையில் நிரல் என்பது பல பொருள்களின் கூட்டம். ஒரு பொருளில் நிகழ்வதை மற்றொன்று அறிய வேண்டுமாயின், அது தன் கையாளியை முன்னதாகவே பதிவு செய்துகொள்கிறது. நிகழ்வு நேர்ந்ததும், அதனை வெளியிடும் பொருள் தன் பட்டியலில் உள்ள கையாளிகளை ஒவ்வொன்றாக அழைக்கிறது. 1994-இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்னும் நூல் இவ்வமைப்பை 'அப்சர்வர்' என்னும் பெயரால் விளக்குகிறது.

சில கையாளிகள் ஒருமுறை மட்டுமே தேவைப்படும். ஒரு படம் வந்து சேர்ந்ததும் அதைத் திரையில் காட்டுவது போன்ற பணிக்கு இரண்டாவது அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே அக்கையாளி தன்னைத் தானே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு இது எளிது. செய்யப் புகுந்தாலோ மூன்று இடர்கள் எதிர்ப்படும்.

முதலாவது, அடையாளம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், பதிவு செய்த அதே செயற்கூற்றைக் காட்டினால்தான் நீக்க முடியும். எழுத்துக்கு எழுத்து ஒத்த இன்னொரு செயற்கூற்றைக் காட்டினாலும் பயனில்லை. உருவம் ஒன்றாயினும் அவை இரு வேறு செயற்கூறுகள் அன்றோ? எனவே பெயரின்றி அவ்விடத்திலேயே எழுதிய செயற்கூற்றைப் பின்னர் நீக்க வழியில்லாமல் போகிறது.

இரண்டாவது, வரிசை. ஆசிரியர் ஒருவர் வரிசையில் நிற்கும் மாணவரை இட எண் சொல்லி அழைக்கிறார் எனக் கொள்வோம். முதலாம் இடத்தவன் விடை கூறிவிட்டு வரிசையை விட்டு வெளியேறுகிறான். உடனே மற்றவர் ஓரிடம் முன்னே நகர்கின்றனர். ஆசிரியர் அடுத்ததாக இரண்டாம் இடத்தை அழைக்கும்போது, அங்கே நிற்பவன் முன்பு மூன்றாவதாக நின்றவன். முன்பு இரண்டாவதாக நின்றவன் அழைக்கப்படாமலே விடுபட்டான். தன்னை நீக்கிக்கொள்ளும் கையாளியும் தன் அடுத்தவருக்கு இவ்வாறே தீங்கிழைக்கக்கூடும். இதற்குப் பரிகாரம், அழைக்கத் தொடங்குமுன் பட்டியலுக்கு ஒரு படி எடுத்து, அப்படியைப் பார்த்து அழைப்பதே. ஜாவா மொழியில் 2004 முதல் உள்ள 'காப்பி ஆன் ரைட் அரே லிஸ்ட்' இத்தத்துவத்தில் அமைந்தது. பட்டியல் மாறும்போதெல்லாம் அது புதுப் படி எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, முன்பின் முறை. பணியை முதலில் செய்து பின்னர் விலகலாம் என எண்ணுவது இயல்பு. ஆனால் அப்பணியே அதே நிகழ்வை மீண்டும் எழுப்பினால், இன்னும் பட்டியலில் இருக்கும் கையாளி மறுபடியும் அழைக்கப்படும், அவ்வழைப்பு இன்னோர் அழைப்பைப் பிறப்பிக்கும், இதற்கு முடிவில்லை. முதலில் விலகு, பிறகு பணி செய் என்பதே நெறி. நோட்.ஜேஎஸ் தரும் 'ஒன்ஸ்' என்னும் வசதி இவ்வரிசையிலேயே இயங்குகிறது.

இம்மூன்றையும் கடந்த பின்னரும் ஒரு வினா நிற்கிறது. எதிர்பார்த்த நிகழ்வு வாராமலே போனால் என் செய்வது? பணி முடிந்தால்தானே கையாளி விலகும்!

2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லா வண்டிகளுக்கு 132 மைல் பந்தயம் நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரின் வண்டி அத்தொலைவை முடிக்காமல் நின்றது. அவ்வண்டியின் நிரல், வழியில் கண்ட தடைகளைப் பொருள்களாகக் குறித்து, கடந்தபின் தன் பட்டியலிலிருந்து நீக்கி வந்தது. ஆயினும் அப்பொருள்கள் ஒரு நிகழ்வின் பதிவில் நீடித்தன. பதிவு ஒரு பொருளைச் சுட்டும்வரை நினைவகத்திலிருந்து அப்பொருள் அகற்றப்படுவதில்லை. கடந்துபோன தடைகள் குவிந்து நினைவகத்தை நிரப்பின. அப்பதிவை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் குறை தீர்ந்ததென அம்மாணவரே பின்னர் எழுதினர். அந்த ஒரு வரி இல்லாமையால் ஒரு குழுவின் உழைப்பு பாலைவனத்தில் நின்றுபோனது.

ஆகவே ஒவ்வொரு கையாளிக்கும் இரண்டு வாயில்கள் வேண்டும்: பணி முடிந்தபோது வெளியேற ஒன்று, அதனை உடைய பொருளின் ஆயுள் முடிந்தபோது வெளியேற மற்றொன்று. இன்றைய உலாவிகளில் முன்னதற்கு 'ஒன்ஸ்' என்னும் குறிப்பும், பின்னதற்கு 'அபார்ட் கன்ட்ரோலர்' என்னும் பொருளும் உள்ளன. ஒரே சைகையால் பல கையாளிகளை விலக்க அது துணைபுரிகிறது.

நண்பர்களே! நீங்கள் எழுதும் நிரலில் கையாளியைப் பதிவு செய்யும் வரியைக் காணுந்தோறும், அதனை நீக்கும் வழி எங்கே என்று உடனே தேடுங்கள். கிடைக்காவிடில், அந்நிரல் இன்னும் முற்றுப்பெறவில்லை என்று கொள்ளுங்கள்.