தாங்குவது வேறு, தேறுவது வேறு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு, "சார் வைப்புநிதி பற்றிப் பேசப்போகிறார்" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். வட்டிக் கணக்கு கடைசியில் கொஞ்சம் வரும். பேச்சு கருப்பட்டி பற்றியது. ஆனால் தொடங்கியது ஒரு பியர் புட்டியில். முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லும் பேச்சு அல்ல இது.

நம் தெருத் தம்பி ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஐபிஏ என்ற கசப்புப் பியர் ஒன்றை வாங்கி வந்து, பழசானால் ருசி கூடும் என்று அலமாரியில் ஒன்றரை வருஷம் வைத்திருந்தாராம். திறந்து பார்த்தால், "நனைஞ்ச அட்டைப்பெட்டியை வாயில வச்ச மாதிரி இருக்கு சார். நீங்க மட்டும் பழைய கருப்பட்டிதான் ஒசத்தின்னு சொல்றீங்களே?" என்று என்னிடம் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்கிறேன்.

ஐபிஏ என்பதில் உள்ள முதல் எழுத்து 'இந்தியா'தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பீப்பாய்களில் பியர் வந்தது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நாலு முதல் ஆறு மாதம் கப்பலில் வரவேண்டும். அதற்குள் கெட்டுப்போகாமல் காத்தது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதிலுள்ள கசப்பு அமிலங்கள் பல கிருமிகளை வளரவிடாது. கசப்புதான் அதற்கு ஊறுகாய் உப்பு மாதிரி.

ஆனால் ஹாப்ஸில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று கசப்பு, இன்னொன்று வாசனை எண்ணெய். கசப்பு மெல்லத்தான் குறையும். வாசனையோ சில மாதங்களிலேயே பறந்துவிடும். உள்ளே அகப்பட்ட கொஞ்சம் காற்று வேலை செய்து அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். வெயில் பட்டால் இன்னும் மோசம். அதனால்தான் பழுப்புப் புட்டி. சூடு பத்து டிகிரி கூடினால் இந்த மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். சாயல்குடி சித்திரை வெயிலில் அந்தப் புட்டி என்ன பாடு பட்டிருக்கும்!

அப்படியானால் பழசாகித் தேறுகிற பியரே இல்லையா? உண்டு. 1968இல் இங்கிலாந்தில் எல்ட்ரிட்ஜ் போப் என்ற ஆலை, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து 40 ஆண்டு ஆனதை ஒட்டி, அவர் பெயரில் ஒரு பியர் காய்ச்சியது. 25 வருஷம் வரை வைத்திருக்கலாம் என்றார்கள். அதிலும் ஹாப்ஸ் நிறைய உண்டு. ஆனால் அது தேறியதற்கு ஹாப்ஸ் வாசனை காரணமல்ல. சாராயச் சத்தும் தானியத்தின் கெட்டியான இனிப்பும்தான் காரணம். கசப்பு தணியத் தணிய, அந்த இனிப்பு உலர்ந்த பழம் மாதிரி மாறும். தம்பியின் புட்டியில் அருமையாக இருந்தது வாசனை. அதைத்தான் காலம் முதலில் எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: தாங்குவது வேறு, தேறுவது வேறு. ஒரு பொருள் கெடாமல் இருப்பதாலேயே நன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போது நம் பனைக்கு வருவோம். பாளையில் சொட்டும்போதே கள் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் உறைப்பு, மறுநாள் காடிப் பக்கம் போய்விடும். கள்ளுக்கு வயது மணிக்கணக்கில்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டுப் பதநீர் ஆகிறது. இங்கே ஹாப்ஸ் செய்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. அதுவும் அன்றைக்கே குடிக்கவோ காய்ச்சவோ வேண்டியதுதான்.

விடிலியில் காய்ச்சி, தண்ணீரை விரட்டி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தண்ணீர் குறைந்த இடத்தில் கிருமிக்கு வேலையில்லை. அதனால் அது தாங்கும். நம் பாட்டிமார் ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினார்கள். அடுப்புச் சூடும் புகையும் ஈரத்தை அண்டவிடவில்லை. வருஷம் போகப் போக நிறம் கறுத்தது, புகை வாடை ஏறியது. அந்த ருசியைத்தான் 'பழைய கருப்பட்டி' என்று நாம் கொண்டாடினோம். அது பிடித்த ருசி, தப்பில்லை. ஆனால் அந்த ருசியில் பாதி பரணுடையது. இன்று வீட்டில் பரணும் இல்லை, விறகு அடுப்பும் இல்லை. ஐப்பசி மழையில் கருப்பட்டி வேர்த்து, பிசுபிசுத்து, புளிப்பு வாடை அடித்தால், அது பழசானதல்ல, கெட்டது.

நம் தெருவிலேயே ஒரு அம்மா, பிள்ளை பெற்ற மகளுக்காக, 'அஞ்சு வருஷப் பழசு' என்று சொன்னதை நம்பி இரட்டை விலை கொடுத்து வாங்கினார். உள்ளே பூஞ்சை. கருப்பட்டியின் வயதைப் பார்த்துச் சொல்ல நமக்கு வழியில்லை. கறுப்பாக இருப்பது பழசாலும் இருக்கலாம், தாச்சியில் தீய்ந்ததாலும் இருக்கலாம்.

சரி, காலம் கருப்பட்டியின் ருசியைக் கூட்டுகிறதோ இல்லையோ, விலையைக் கூட்டுகிறது. கன்னிராஜபுரம், நரிப்பையூர் பக்கம் கோடையில் பதநீர் பெருகும்போது விலை இறங்கும். மழைக்காலத்தில் வரத்து நின்றதும் ஏறும். அந்த ஏற்றம் யாருக்குப் போகிறது?

இங்கேதான் என் பழைய தொழில் குறுக்கே வருகிறது. கணக்குக்காக மட்டும் எண்கள் சொல்கிறேன். ஒரு பனையேறி 20,000 ரூபாய் முன்பணம் வாங்கி, கிலோ 200 என்று 100 கிலோவைச் சீசனிலேயே கொடுத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து அது கிலோ 300க்குப் போகிறது. 20,000க்கு ஆறு மாதத்தில் 10,000 என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறு வட்டி. அவரே 12 சதவீத வட்டிக்கு 20,000 கடன் பெற்றுச் சரக்கை வைத்திருந்தால்? வட்டி 1,200. ஐந்து கிலோ வீணாய்ப் போனது என்றே வையுங்கள், 95 கிலோவுக்கு 28,500. அசலும் வட்டியும் போக 7,300 ரூபாய் பனை ஏறிய வீட்டுக்கு.

காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் பழசு லாபம். மரம் ஏறுகிறவருக்குக் காத்திருக்க வசதியில்லை. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் நகைக்குக் கடன் எழுதியிருக்கிறேன், நெல் மூட்டைக்கும் எழுதியிருக்கிறேன். கருப்பட்டிக்கு ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஒரு பனையேறி வந்து கேட்டபோது, "அது கெட்டுப்போகிற சரக்கு ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பரணில் மூணு வருஷக் கருப்பட்டி இருந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போனவன்தான் அப்படிச் சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் சங்கத்துக்கு ஒரு யோசனை. 40 வீடு, வீட்டுக்கு 5 கிலோ என்றால் 200 கிலோ. மாசியிலேயே பெயர் கொடுப்போம். விடிலிக்கு நேரில் போய், காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து, இரண்டு சீசன் விலைக்கும் நடுவில் ஒரு விலை பேசி, கையில் பணம் கொடுத்து வாங்குவோம். மழைக்கால விலையைவிட நமக்கு மிச்சம், கோடை விலையைவிட அவர்களுக்குக் கூடுதல். வாங்கியதை ஈரமில்லாத, இறுக மூடும் டப்பாவில் போட்டு, தேதி எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். பழசு வேண்டுமென்பவர்கள் அவரவர் வீட்டிலேயே பழசாக்கிக்கொள்ளலாம். வயதுக்குச் சாட்சி அந்தச் சீட்டு.

தம்பிக்கும் பதில் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை பெங்களூரிலிருந்து வரும்போது புட்டி வேண்டாம், நல்ல டப்பா நாலு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

விருப்பமுள்ள வீடுகள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது.