எண் பூச்சியம் பூச்சியம்

1963 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆந் திகதி, பிரான்சு தேசத்து லெ மான் நகரில் இருபத்துநான்கு மணிநேர மோட்டார்ப் பந்தயம் தொடங்கிற்று. பந்தய வண்டிகள் யாவும் புறப்பட்டபின் தனியே ஒரு வண்டி புறப்பட்டது. அதன் எண் 00. எத்தனை வண்டிகளை முந்தினாலும் அது கணக்கிற் சேராது. ஏனெனில், அதன் பொறியை ஏனைய பொறிகளோடு ஒப்பிட்டு அளக்கும் விதி அன்று வகுக்கப்படவில்லை.

அதனைச் செய்தோர் இங்கிலாந்தின் றோவர் கம்பனியாரும் பி.ஆர்.எம். பந்தயக் குழுவினருமாவர். வாயுச் சுழலியால் ஓடும் உலகின் முதற் காரை 1950 இலேயே ஓட்டிக் காட்டியவர்கள் றோவர் கம்பனியார். வாயுச் சுழலியோ ஜெற் விமானப் பொறிக்கு நெருங்கிய உறவு. உள்ளிழுத்த காற்றை அமுக்கி, அதில் எண்ணெயை எரித்து, பொங்கியெழும் வாயுவாற் தகடுகள் பதித்த சில்லைச் சுழற்றுவது. மேலும் கீழும் ஓடும் முசலங்கள் அதில் இல்லை. முன்செல்வதற்கு ஒரே கியர்தான். சாரதிக்கு வேலை குறைவு என எண்ணிவிடலாகாது. காலை எடுத்தாற் பொறி வண்டியைத் தடுத்துப் பிடிக்காது. மிதித்தாலும் உடனே பாயாது. வளைவு முடியுமுன்னரே, வரப்போகும் விசையை எதிர்பார்த்து மிதித்துவிட வேண்டும். முந்திய ஆண்டின் உலகச் சம்பியனான கிறகம் ஹில்லும், அமெரிக்கரான றிச்சி ஜின்தரும் இப்புதுப் பாடத்தைக் கற்றுக்கொண்டே ஓட்டினர்.

சுழலி வண்டியொன்று அந்த ஒரு நாளில் 3,600 கிலோமீற்றர் ஓடினாற் சிறப்புப் பரிசு என அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வண்டி ஓடியதோ 4,170 கிலோமீற்றர் வரை! ஆயினும் ஒரு குறை: கலனுக்கு ஏழு மைல் அளவே அது ஓடிற்று. பொறியின் வெப்பத்திற் பெரும்பகுதி புகையோடு வீணே வெளியேறியது.

அவ்வெப்பத்தை மீட்பதே அடுத்த முயற்சி. மெல்லச் சுழலும் மட்பாண்டத்தன்மை வாய்ந்த வட்டுக்கள் பொருத்தப்பட்டன. வெளிச்செல்லும் வாயு அவற்றைச் சூடாக்க, உட்புகும் காற்று அச்சூட்டைப் பெற்றது. 1964 இல், கொண்டுசெல்லும் வழியில் வண்டி சேதமுற்றமையால் பந்தயத்திற்கு வரவில்லை. 1965 இல், மூடிய புதிய உடலோடு, இம்முறை முறையான போட்டியாளனாகவே அது வந்தது. ஹில்லுடன் ஓட்டியவர் ஸ்கொத்லாந்து இளைஞர் ஜக்கி ஸ்ரூவேட்.

பந்தயத்தின்போது சுழலியின் தகடுகள் பழுதுற்றன. பொறி அளவு மீறிச் சூடேறிற்று. வேகத்தைக் குறைத்தாலன்றி வண்டி முடிவுவரை தாங்காது. வேகத்திற்கே பேர்போன இருவரும் அடக்கி அடக்கி ஓட்டினர். முடிவில் வண்டி பத்தாமிடம் பெற்றது. அவ்வாண்டு முடிவெல்லை கண்ட பிரித்தானிய வண்டிகளுள் முதலாவதும் அதுவே. எண்ணெய்ச் செலவும் ஏறக்குறையப் பாதியாயிற்று.

அதன்பின் அது லெ மான் பந்தயத்திற் போட்டியிடவில்லை. சாதாரண முசலப் பொறியோ அதனிலும் சிக்கனமாக, மலிவாக, வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தது.