உறுப்பு கிடைக்காதபோது



ஆரப்பாளையத்தில் என் வீட்டருகே உள்ள மோட்டார் பட்டறைக்குப் பழைய அம்பாஸடர் கார்கள் வருவதுண்டு. அக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எஞ்சினின் உறுப்பு தேய்ந்து, புதியது கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலே அரிதாயிற்று. அப்போது நம் மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார், அடுப்புக்கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் கலத்தைச் செய்தனர். இல்லாத பொருள் எந்த வேலையைச் செய்தது என்று ஆராய்ந்தால் மாற்று வழி புலப்படும்.

சிலிண்டர் தேய்ந்தால் எஞ்சினையே மாற்ற வேண்டுவதில்லை. அதைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். அல்லது உள்ளே 'ஸ்லீவ்' என்னும் குழாயை இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். செலவு குறைவே, ஆனால் அளவு பிழைக்கலாகாது. அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட வெப்பத்தால் மிகுதியாக விரியும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். மிகுந்தால் எண்ணெய் எரிந்து புகையும்.

பிரேக், ஸ்டீரிங் உறுப்புகளில் மட்டும் தரமறியாத மாற்றை நாடாதீர்கள். அங்கே மிச்சப்படுத்தும் காசுக்கு விலை உயிராகலாம்.

மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கும் திருகு அளவியைப் பள்ளியில் கையாள்கிறீர்கள். அதனைத் தேர்வுக்கு மட்டும் உரியதென்று எண்ணாமல் பழகிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.