குப்பிக்குள் ஒரு பூதம்

தேவனாம்பட்டினக் கடற்கரையில் அலை ஒதுக்கிய குப்பியைக் கண்டால், சிறு வயதில் நான் மூடியைத் திறந்து பாராமல் விட்டதில்லை. வெளிப்பட்டதெல்லாம் உப்புநீரே!

இந்த ஆசையைக் கருவாகக் கொண்டது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1965-இல் தொடங்கிய 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி' என்னும் நகைச்சுவைத் தொடர். விண்வெளி வீரர் ஒருவர் தீவுக்கரையில் கண்டெடுத்த குப்பியிலிருந்து பூதப்பெண் ஒருத்தி தோன்றுகிறாள். (படப்பிடிப்பில் பயன்பட்ட குப்பி, அலங்காரம் செய்த மதுக்குப்பிதான்!) அவர் கேளாமலே அவள் வாரி வழங்குகிறாள், அவரோ அவளை மேலதிகாரிகள் கண்ணில் படாமல் மறைக்கப் படாத பாடு படுகிறார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

1966 செப்டம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது, கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது. வீரர் மீண்டும் அதே தீவில் இறங்குகிறார். அங்கே இன்னொரு குப்பி! உள்ளே இருந்தது, முன்னொரு காலத்தில் அப்பெண்ணைச் சிறைவைத்த நீல பூதம். முதற்குப்பியைவிட இந்த இரண்டாம் குப்பியே எனக்குச் சுவையாகப் படுகிறது; ஒருமுறை வரம் தந்த கரை மறுமுறையும் அதையே தரும் என்று நம்புவது மனித இயல்பல்லவா?

இத்தொடரின் நாயகி பார்பரா ஈடன் 1964-இல் நடித்த 'தி பிராஸ் பாட்டில்' படத்தின் கதையே, 1967-இல் தமிழில் 'பட்டணத்தில் பூதம்' ஆயிற்று. ஜாவர் சீதாராமன் பூதமாக நடித்தார்.

இன்றும் கரையில் குப்பி கிடந்தால், எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். மூடியை மட்டும் தொடுவதில்லை.