கழுத்துக் கட்டி சின்னன்தானே என்று இருக்கலாமா?



சம்பள விடயம் பேசத்தான் கூடியிருக்கிறோம். அதற்கு முன் கொஞ்ச நேரம் கழுத்தைப் பற்றிப் பேச விடுங்கள்.

நம் தோட்டத்துத் தேங்காய்க் களத்தில் மட்டை அடுக்கும் அக்கா ஒருவருக்கு ஸ்கேனில் 8 மில்லிமீற்றர் கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் தைரொயிட் புற்றுநோய். "சின்னன்தானே மாஸ்டர், தீபாவளி போகட்டும்" என்றார் அவர். வீட்டுக்காரரோ, "நெறிக்கு இறங்கியிருந்தால் எல்லாம் முடிஞ்சுது" என்று அழுதார். இரண்டு பேச்சும் பிழை.

இலங்கைப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக இதுதான் அதிகம். நம் புத்தளம் உப்பளத்தைக் காட்டி, "உப்பு நல்லாச் சாப்பிடுறம், நமக்கு வராது" என்பவர்களும் உண்டு. உப்பில் அயடீன் சேர்ப்பதை அரசு 1995இல் கட்டாயமாக்கியது கழலையைக் குறைக்கத்தான். புற்றுநோய்க்கு அது காவல் அல்ல.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அதே நெறிகள் கழுத்திலும் இருக்கின்றன. பப்பிலரி என்ற வகைத் தைரொயிட் புற்றுநோய் முதலில் போய் உட்காருவது பெரும்பாலும் அங்கேதான். கட்டி சின்னதாக இருக்கும்போதே இது நடக்கலாம். எல்லோருக்கும் நடப்பதில்லை.

யாருக்கு வாய்ப்புக் கூட? இந்த நோய் ஆண்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. வந்தால் நெறிக்குப் பரவுவது அவர்களிடம் கூடுதல். ஆகவே உரிக்கிற அண்ணன்மார் சிரிக்க வேண்டாம். வயது குறைந்தவர்களிடமும் அப்படியே. ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளிலும் பெரியதுக்குப் பயம் கூட. ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடத்தில் கட்டி இருந்தாலோ, சுரப்பியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ இன்னும் கவனம் வேண்டும். இவை இருந்தால் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. கழுத்து நெறிகளையும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆகவே ஒப்பரேசனுக்கு முன், "நெறியையும் ஸ்கேன் பண்ணினீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பரவியிருந்தாலும் நம்பிக்கை போகாது. 55 வயதுக்குக் குறைந்தவருக்குக் கழுத்து நெறியில் இருந்தாலும், நுரையீரல், எலும்பு போன்ற தூர இடங்களுக்குப் போகாதவரை வைத்தியர்கள் அதை முதலாம் கட்டம் என்றே கணக்கிடுகிறார்கள். ஜப்பானின் கோபே நகரில் கூமா ஆஸ்பத்திரி 1993 முதல், ஆபத்து அடையாளம் இல்லாத மிகச் சிறிய கட்டிகளை வெட்டாமல் கண்காணித்தே வருகிறது. அங்கே ஒழுங்காக ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். தீபாவளிக்குத் தள்ளிப்போடுவதும் அதுவும் ஒன்றல்ல. வெட்டுவதா, பார்த்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

அக்கா சொன்ன உண்மைக் காரணம் வேறு. மகரகமைக்குப் போய் வர ஒரு முழு நாள். அன்றைக்குப் பேர் இல்லை. கூடப் போகும் புருஷனுக்கும் பேர் இல்லை. தீபாவளிச் செலவை நினைத்துத்தான் அவர் நாள் கடத்தினார். கிளினிக் கொப்பியில் திகதி போட்ட நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்பதை இம்முறை கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்ததாக எழுதியிருக்கிறோம். இன்று அதற்குக் கை தூக்குங்கள்.

ரிப்போட்டுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. வாசிக்கத் தெரியாதென்று பெட்டிக்குள் வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொப்பியோடு வாருங்கள். கட்டியின் அளவு, எத்தனை இடம், உறை, நெறி, இந்த நாலையும் கோடு போட்டுத் தருகிறோம். அதைக் காட்டி வைத்தியரிடம் கேளுங்கள். அக்கா நேற்றே கொண்டு வந்துவிட்டார்.