தச்சு வேலையில் செய்நேர்த்தி



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசாது கதவு நிலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். தில்லியில் வாழும் நமக்கு ஆடி பிறந்தால் கதவு அடைபடுவதில்லை; வைகாசியில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது.

மரத்தின் இயல்பு அது. ஈரம் ஏறினால் இழையின் குறுக்கே விரியும், வற்றினால் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. இதனை நன்கறிந்த பழைய தச்சர்கள் கதவின் நடுப்பலகையை வஜ்ஜிரம் தடவாமல், சட்டத்தின் காடியில் சற்றே இடம் விட்டுச் செருகினார்கள். பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். சட்டங்களையோ, ஒன்றில் துளை பொளிந்து, மற்றதன் முனையை நாக்குப்போலச் சீவி இறுக்கி, மூங்கில் ஆணியால் பிணைத்தார்கள்.

இன்று நிலையைச் சுற்றி அடிக்கும் பீடிங்கைப் பாருங்கள். இரு சட்டங்களை 45 பாகையில் அறுத்து மூலையில் சேர்க்கிறார்கள். அன்று மயிரிழையும் புகாது. மரம் பச்சையாயிருந்தால் சில திங்களில் அகலம் குறைந்து, மூலையின் உட்புறம் வாய் பிளக்கும். உடனே மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அப்பி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். அடுத்த கோடையில் அதுவும் உதிரும். ஓர் அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் உலர ஓராண்டு வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பின் மரம் வாங்குவோருக்கு அந்த ஓராண்டு ஏது?

ப்ளைவுட்டை நாம் பழிக்கவில்லை. மெல்லிய தகடுகளை இழை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அது அதிகம் அசையாது, நல்ல பொருளே. நமது இரயில்வேயிலும் ஒரு காலத்தில் பெட்டியின் உடலே தேக்கு மரத்தாலானது. சாணக்கியபுரி இரயில் அருங்காட்சியகத்தில் 1899-ஆம் ஆண்டின் மைசூர் மகாராஜா சலூன் நிற்கிறது. குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-இல் தொடங்கிய தொழிற்சாலை எஃகுப் பெட்டிகளைக் கட்டியது. மோதினால் மரப்பெட்டி நொறுங்கும், தீப்பற்றும். எஃகு உயிர் காக்கும். அம்மாற்றத்துக்காக வருந்துவதற்கில்லை. வீட்டுக் கதவின் மூலை பிளப்பதற்கு அத்தகைய நியாயம் ஏதும் இல்லையே!

தச்சர்மேல் பழி சுமத்துவது எளிது. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். மூலையைப் பொருத்திப் பார்த்து, இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்து, மறுபடி பொருத்திப் பார்க்கும் அந்த அரைமணிக்கு அக்கணக்கில் ஒரு காசும் கிடையாது. நேர்த்தியாகச் செய்பவர் இரண்டு வீடு முடிப்பதற்குள், ஆணியடித்து மக்கு அப்புகிறவர் மூன்று முடித்துவிடுகிறார். அருகே நின்று வேலை பழகும் பையன் எவரைப் பார்த்துக் கற்பான்?

வீடு கட்டவோ பழுது பார்க்கவோ எண்ணியுள்ள அன்பர்கள் மரத்தை முந்திய ஆண்டே வாங்கி, பலகைகளுக்கிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக நிழலில் அடுக்கி வையுங்கள். கதவுக்கும் நிலைக்கும் மட்டுமேனும் சதுர அடியை விட்டு நாட்கூலி பேசுங்கள்.