மிளகும் மென்பொருளும்

மாத்தளை மாவட்டத்தில், உக்குவளை, ரத்தோட்டைப் பகுதிகளில் மிளகு பயிரிடுவோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. கதிரில் ஓரிரு மணிகள் பழுத்த பின்னரே அதனைக் கொய்தல் வேண்டும். களவுக்கு அஞ்சியோ, கைச்செலவுக்குப் பணம் வேண்டியோ முந்திக் கொய்தால் மணி இலேசாகிவிடும். நன்கு உலராவிடிற் பூஞ்சணம் பிடிக்கும். கடையிற் சாக்கை அவிழ்க்கும் வணிகர் குறை கண்டு விலையைக் குறைக்கலாமேயன்றி, மணிக்குக் கனத்தை ஊட்ட அவரால் இயலாது.

கணினிக்கு மென்பொருள் ஆக்கும் குழுக்கள் பலவற்றில் நெடுங்காலம் நடைபெற்றதும் இந்தச் சாக்கவிழ்ப்பே. நிரலாளர் எழுதி முடிப்பர். கடைசி நாட்களிற் சோதனையாளர் பிழை பொறுக்குவர். தரப் பொறியியல் என்னும் புதுமுறையோ, தேவை பேசப்படும் முதல்நாளே சோதனையாளரும் உடனிருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் அன்றன்றே இயந்திரத்தாற் சோதிக்கச் சொல்கிறது. மென்பொருள் பயனுக்கு வந்த பின்னும் கண்காணிக்கச் சொல்கிறது.

இதன் தேவையை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று காட்டும். பங்கு வணிகஞ் செய்த நைட் கப்பிற்றல் நிறுவனம், 2012இல் புதிய நிரலைத் தன் எட்டுச் சேவைக் கணினிகளில் ஏற்றுகையில் ஒன்றை விட்டுவிட்டது. ஓகஸ்ட் முதலாந் திகதி சந்தை திறந்ததும், அந்த ஒன்றில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துத் தவறான கட்டளைகளை அனுப்பலாயிற்று. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டொலர் நட்டம்! புதிய நிரலை மாத்திரம் நுணுகிச் சோதித்திருந்தால் இது அகப்பட்டிருக்குமா? குறை, ஏற்றும் முறையிலன்றோ இருந்தது.

எனினும் மாற்றம் எளிதில் வருவதில்லை. சோதித்தல் தம் பணியன்று என நிரலாளர் ஒதுங்குவர். கையாற் சோதித்துப் பழகியவருக்கோ, நிரல் எழுதக் கற்கச் சொன்னதும் வேலை போய்விடுமோ என்ற அச்சம் பிறக்கும். முதல் மாதங்களில் வேகம் குறைவதைக் கண்டு மேலாளர் பொறுமையிழப்பர். இயந்திரச் சோதனை காரணமின்றி இன்று தேறி நாளை தவறுமாயின், அதன் எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தார். பெயர்ப்பலகையில் மட்டும் பதவிப் பெயரை மாற்றி நிறைவடையும் நிறுவனங்களும் உண்டு. அதற்குச் செலவு குறைவு.

இவை யாவற்றினும் பெரிய தடை வேறு. கண்ட பிழைகளின் எண்ணிக்கையே சோதனையாளரின் திறமைக்குச் சான்றாக இருந்து வந்தது. பிழை முளைக்குமுன் தடுத்தவர் எந்த எண்ணைக் காட்டுவார்? இலேசான மிளகுக்கும் கனத்த மிளகுக்கும் ஒரே விலை கிடைக்குமாயின், கதிர் பழுக்கும்வரை எந்த விவசாயி காத்திருப்பார்? ஆதலின் குழுவை மாற்ற முனைவோர், ஆண்டிறுதியில் ஊழியரை மதிப்பிடும் படிவத்தை முதலில் எடுத்துத் திருத்துதல் நன்று.